ஒன்றரை நிமிடத்தில் ஆறு சரிவுகள்

மின்னழுத்தச் சரிவுக்கு ஆயுள் மிகக் குறைவு. உயரழுத்தக் கம்பி அறுந்து தரையைத் தொட்டதும் பிறக்கிறது. பழுதை உணரும் ரிலே அதைக் கண்டுகொண்டு, லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்ததும் முடிந்துவிடுகிறது. இடையில் இருப்பது பெரும்பாலும் விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் அது மாநிலம் முழுக்கப் பரவிவிடும். வீட்டு விளக்கு ஒருமுறை மங்கித் தெளிவது மட்டுமே நம் கண்ணில் படும்.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் பெரும் புயல். மாலை 4.16-க்கு அடிலெய்டு நகரின் 66 கிலோவோல்ட் லைன் ஒன்றில் முதல் சரிவு பிறந்தது. முக்கால் நிமிடத்தில் இரண்டாவது, நகருக்கு வடக்கே 275 கிலோவோல்ட் லைனில். சுமார் 170 கிலோமீட்டர் இடைவெளியில் வீசிய இரண்டு சூறாவளிச் சுழல்கள் மின்கோபுரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தன. அடுத்த சரிவுகள் டேவன்போர்ட் துணைமின்நிலையத்திலிருந்து தெற்கே வரும் லைன்களில் எழுந்தன. ஒரு லைன் ட்ரிப் ஆனால், அதாவது துண்டிக்கப்பட்டால், பிரேக்கர் சற்றுப் பொறுத்துத் தானே மறுபடி மூடிப் பார்க்கும். பழுது அப்படியே இருந்தால் அந்த முயற்சியே இன்னொரு சரிவைப் பெற்றுவிடும். அன்று அப்படி இரண்டு பிறந்தன. ஆக, சுமார் ஒன்றரை நிமிடத்தில் ஆறு.

ஒவ்வொன்றும் காற்றாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நடப்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும். மின்னழுத்தம் விழுந்தால் இயந்திரம் மின்சாரத்தை வெளியே தள்ள முடியாது. இறக்கையைக் காற்று தள்ளுவதோ நிற்காது. போக வழியில்லாத ஆற்றல் மின்னணுப் பாகங்களைத் தாக்கும். அதை மின்தடையத்துக்குத் திருப்பி வெப்பமாக்கிக் கழிக்கிறார்கள். இறக்கையின் கோணத்தையும் மாற்றுகிறார்கள். தொடக்க காலக் காற்றாலைகள் இத்தனை பாடு படாமல் உடனே கழன்றுகொள்ளும். காற்றாலைகள் பெருகியபின், எல்லாம் ஒரேயடியாகக் கழன்றால் தாங்காது என்றானது. ஜெர்மனியில் ஈ.ஓன் நெட்ஸ் நிறுவனம் 2003-இல், சரிவின்போதும் காற்றாலைகள் கிரிட்டை (மின்தொகுப்பை) விட்டுப் போகக்கூடாது என்று விதி வகுத்தது. மற்ற நாடுகளும் அவ்வழியே வந்தன.

தெற்கு ஆஸ்திரேலியக் காற்றாலைகளும் அன்று தாங்கின. ஆழமான சரிவைத் தாங்கின, அடுத்ததையும் தாங்கின. ஆனால் அவற்றின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் எண் இருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் நிறுத்திக்கொள் அல்லது உற்பத்தியைக் குறை. இயந்திரத்தைக் காக்கத் தயாரிப்பாளர் வைத்த வரம்பு அது. அதில் தவறு காண என்னால் முடியவில்லை. கிரிட்டை இயக்கும் ஆஸ்திரேலிய எரிசக்திச் சந்தை இயக்க அமைப்புக்கு அந்த எண் தெரியாமல் இருந்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. மாநிலத்தின் தேவையான 1826 மெகாவாட்டில் 883 மெகாவாட்டைக் காற்று தந்துகொண்டிருந்த மாலை அது.

வரம்பு தாண்டியதும் ஏழு விநாடிக்குள் ஒன்பது காற்றாலைப் பண்ணைகளில் 456 மெகாவாட் மறைந்தது. அந்தப் பாரம் முழுதும் பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் மேல் விழ, ஒரு விநாடிகூட ஆவதற்குள் அதுவும் ட்ரிப் ஆனது. மின்சாரம் போதாமல் அதிர்வெண் சரிந்த வேகத்துக்குத் தானியங்கி லோடு குறைப்பு ஈடுகொடுக்கவில்லை. 4.18-க்கு மாநிலமே இருண்டது, சுமார் 8.5 லட்சம் இணைப்புகள்.

அன்று மாலையே காற்றாலை மின்சாரம் நம்பத்தகாதது என்ற கூச்சல் அரசியலில் கிளம்பியது. சந்தை இயக்க அமைப்பின் ஆய்வறிக்கை சொன்னது வேறு: காற்று ஏறி இறங்கியதால் விளைந்ததல்ல இது. சிக்கல் அந்த வரம்பில் இருந்தது. இது தொடர்பாக 2019-இல் நான்கு பண்ணைகளின் நிர்வாகங்கள் மீது ஆஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடுத்தது. வரம்பைத் திருத்தும் வேலை அதற்கு வெகு முன்பே, இருட்டுக்குப் பின் சில நாட்களிலேயே தொடங்கியிருந்தது. இறக்கையையோ கோபுரத்தையோ யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதே எண்ணிக்கையில் மறுபடி சரிவுகள் வந்தாலும் கழன்றுகொள்ளாதபடி, மென்பொருளில் இருந்த அமைப்பை மாற்றினார்கள்.