ஆண்டையின் பேருக்குக் கீழே

எங்கள் அப்பாயிக்குத் தன் மாமனார் பேர் தெரியும். அவருடைய அப்பன் பேரைக் கேட்டால், "அதெல்லாம் யாருடா கண்டது? இன்னார் பண்ணையில கெடந்தாங்கன்னுதான் சொல்லுவாங்க" என்று முடித்துவிடும். ஆனால் அந்த 'இன்னார்' வீட்டு வம்சத்தை ஐந்து தலைமுறைக்கு ஒப்பிக்கும். ஆண்டை வீட்டு வரலாறு அதுக்கு மனப்பாடம். சொந்த வரலாறு இரண்டாவது படியிலேயே இருட்டு.

ஊர்ப் பழைய நிலக்கணக்கைத் தேடிப் போனேன். பட்டாதாரர் பேர் இருந்தது. சர்வே எண், தீர்வை, நஞ்சையா புஞ்சையா, எல்லாம் இருந்தது. அந்த நஞ்சையை உழுதவன் பேர் இல்லை. பட்டா இல்லாதவனுக்குக் கணக்கில் பேர் எதுக்கு?

இதே இருட்டில் கைவிட்டுத் துழாவியவர்கள் இன்னொரு கண்டத்திலும் இருக்கிறார்கள். அமெரிக்கக் கருப்பின மக்கள். 1850, 1860 ஆண்டுகளில் அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். மேலே எசமான் பேர். அதன்கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். பேர் எழுத வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பின் 1870-இல் எடுத்த கணக்கில்தான் விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பேரோடு வருகிறார்கள். அதற்கு முந்தைய மூதாதையரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் அந்த 1870-இல் வந்து முட்டி நிற்கிறார்கள். அதை ஒரு சுவர் என்றே சொல்கிறார்கள்.

அந்தச் சுவரில் ஓட்டை போட உதவிய ஆவணங்களில் ஒன்று ஒரு வங்கியின் கணக்கேடு. விடுதலை பெற்றவர்களின் சேமிப்புக்காக 1865 மார்ச் 3-இல் ஃபிரீட்மேன்ஸ் வங்கி தொடங்கப்பட்டது. கணக்குத் தொடங்க வந்தவரிடம் பேர், வயது, பிறந்த இடம், வளர்ந்த இடம், தொழில், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று கேட்டு எழுதினார்கள். சில படிவங்களில் பழைய எசமான் பேரும் உண்டு. கையெழுத்துத் தெரியாதவர் கீறல் போட்டார். ஆள்மாறாட்டம் நடக்காமலிருக்க வங்கி கேட்ட கேள்விகள்தாம் இவை. ஆனால் விற்றுப் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் காகிதத்தில் ஒன்றுசேர்ந்த இடம் அதுதான். வங்கி 1874-இல் திவாலானது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. கூலிக்காரன் காசு போனது. கணக்கேடு மட்டும் மிஞ்சியது.

இந்தக் கணக்கேட்டில் பேர் தேடுவது லேசான காரியமாக இருக்கவில்லை. முழு அட்டவணை இருக்கவில்லை. அதை உருவாக்கியவர்கள் மார்மன் சபையார். யூட்டா மாநிலச் சிறையின் கைதிகள் விருப்பத்தோடு முன்வந்து பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்து படித்து எழுதினார்கள். 2001-இல் சுமார் 4,80,000 பேர்கள் குறுந்தகடாக வெளிவந்தன. கூட்டுக்குள் இருந்தவர்கள், கூண்டிலிருந்து வெளிவந்தவர்களின் பேரை மீட்டுக் கொடுத்தார்கள். அடுத்து, விடுதலை பெற்றோருக்கான அரசு அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்கள், திருமணப் பதிவுகள், புகார்கள் இவற்றிலிருந்து சுமார் 18 லட்சம் பேர்களுக்கு 2015-16-இல் தொண்டர்களைக்கொண்டு அட்டவணை போட்டார்கள்.

மார்மன் சபைக்கு ஏன் இந்த அக்கறை? செத்துப்போன மூதாதையருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பேர் வேண்டும். 1894-இல் வம்சாவளிச் சங்கம் வைத்தார்கள். 1938 முதல் உலகமெங்கும் கோயில் ஏடு, நீதிமன்ற ஏடு என்று நுண்படம் எடுத்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்து சுருள்களைப் பாதுகாக்கிறார்கள். சுமார் 24 லட்சம் சுருள்களைக் கணினிப் படமாக்கும் வேலை 2021-இல் முடிந்தது. ஃபேமிலிசர்ச் தளத்தில் தேடக் கட்டணம் இல்லை.

இதைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போக முடியாது. இதே சபை 1978 வரை கருப்பின ஆண்களைக் குருத்துவத்தில் சேர்க்கவில்லை. நாஜிகள் கொன்ற யூதர்களின் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பி, 1995-இல் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டது. நம் செத்தவர்களின் பேர் யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்ற கேள்வி எப்போதும் உண்டு. ஆனாலும் அந்தப் பேரைத் தேடுகிறவர் சபைக்காகத் தேடவில்லை. தன் பாட்டிக்காகத் தேடுகிறார்.

1870-க்கு அப்பால் போக அவர்கள் கண்ட வழி முக்கியமானது. எசமான் யாரென்று முதலில் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அவன் உயில், சொத்துக் கணக்கு, பாகப்பிரிவினை ஆகியவற்றைப் புரட்டுகிறார்கள். அங்கே மாடு, குதிரை, கட்டில் இவற்றோடு சேர்த்து அடிமைகளின் பேரும் விலையும் எழுதியிருக்கிறது. ஒடுக்கியவன் தன் சொத்துக்காக எழுதி வைத்ததைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

நமக்கும் அந்த வழி உண்டு. ஆள்விற்பனை நம் கல்வெட்டிலும் ஓலையிலும் இருக்கிறது. அடிமையை நீதிமன்றம் சொத்தாக ஏற்கக் கூடாது என்று 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்ததே, இல்லாத ஒன்றுக்கா சட்டம்? 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன 1,52,184 பேரில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியலில் பேர், அப்பன் பேர், வயது, சாதி, ஊர் எல்லாம் இருக்கிறது. ஊரிலேயே கிடந்தவனுக்கு இல்லாத பேர், கடல் தாண்டிப் போனவனுக்குக் கிடைத்தது. அதையும் எழுதியது கூலிக் கணக்குக்காகத்தான்.

ஆகவே தோழர்களே, ஆண்டை வீட்டுப் பத்திரங்களை, பாகப்பிரிவினை ஏடுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதற்கு முன்னால் சேரியில் இருக்கிற கிழவிகளிடம் போய் உட்காருங்கள். கருங்கல் மலைக்குள் பூட்டி வைக்க அவர்களிடம் காகிதம் இல்லை, ஞாபகம்தான் இருக்கிறது. எங்கள் அப்பாயி செத்த பிறகு, அது சொன்ன பேர்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மாமனார், மாமியார், கொழுந்தன், நாலு நாத்தனார், பஞ்சத்தில் போன இரண்டு பிள்ளைகள். ஒன்பது பேர். நான் கேட்காமல் விட்டதை இனிமேல் யாரிடம் கேட்பது?