தட்டைத் தொட்ட விரல்

"தொடாதே! தொட்டால் கெட்டுவிடும்!"

இசைத்தட்டு இருந்த இல்லங்களிலெல்லாம் ஒருகாலத்தில் ஒலித்த கட்டளை இது. உறையிலிருந்து உருவும்போது ஓரத்தை மட்டுமே பிடிக்கவேண்டும். வரிகளின்மீது விரல் படலாகாது. சுழலத் தொடங்கிவிட்டாலோ, எட்டி நின்று கேட்பதோடு சரி! விரலிலே எண்ணெய்ப் பசை உண்டு, வரியிலே தூசு படியும், ஊசி தடுமாறும் என்று காரணமும் கூறினர். காரணமுள்ள கட்டளைதான். ஆனால், கேட்பாரின்றி நெடுநாள் நிலைத்த கட்டளை, காரணத்தை உதிர்த்துவிட்டுக் கட்டளையாக மட்டும் நின்றுவிடுவதுண்டு அல்லவா?

பார்படோஸ் தீவிலே 1958-இல் பிறந்து, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலே வளர்ந்த ஜோசப் சாட்லர் என்ற சிறுவன் அந்தக் கட்டளையை மீறினான். தந்தை சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தான், அகப்பட்டான், அடிபட்டான். அடித்தால் அடங்குமா ஆவல்? தட்டு ஏன் பாடுகிறது, ஊசிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஓடுவது யாது என்று அறியத் துடித்த அந்தச் சிறுவனைத்தான் பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்று உலகம் அழைத்தது.

இந்தக் கதையை இன்று எடுத்துரைப்பானேன்? காரணம் உண்டு. நம் ஊர்த் திருமண மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் 'டி.ஜே.' என்ற சொல் புழங்கத் தொடங்கி ஆண்டுகள் பல ஆயின. அண்மையில் நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "பாட்டு கணினிக்குள்ளே இருக்கிறதே ஐயா, அவர் ஏன் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறார்?" நல்ல கேள்வி! நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. தேடிப் படித்தபோதுதான், இசைத்தட்டாளரிடையே கால் நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கொன்று இருப்பது தெரிந்தது. வினைல் தட்டே மெய்யான கருவி, கணினியும் டிஜிட்டல் கோப்பும் போலி என்பர் ஒரு சாரார். தட்டு பழங்கதை, கோப்பே காலத்துக்கு ஏற்றது என்பர் மற்றொரு சாரார். வழக்கின் மூலத்தைக் காண வேண்டுமாயின் பிராங்க்ஸுக்குத்தான் போகவேண்டும்.

எப்படி இருந்தது அன்றைய பிராங்க்ஸ்? ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி தீட்டிய திட்டப்படி, குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு பெருஞ்சாலை பாய்ந்தது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வசதியுள்ளோர் வெளியேறினர். எஞ்சிய கட்டடங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளரே தீ மூட்டிய கொடுமையும் 1970களில் நடந்தது. கருப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தோரும் வாழ்ந்த அந்த வட்டாரத்து இளைஞருக்கு, பெருநகரின் நடனக் கூடங்களில் நுழையப் பணமில்லை; நுழைந்தாலும் வரவேற்பில்லை.

அங்கேதான், 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து நடத்தினாள். பள்ளி திறக்கும் நேரம். புத்தாடை வாங்கப் பணம் வேண்டும். அதற்காக நுழைவுக் கட்டணம், பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். தட்டுகளைச் சுழலவிட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ், கூல் ஹெர்க் என்ற பெயர் கொண்டவர். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். அங்கே தெருவிலே பேரொலிக் கருவிகளை அடுக்கி ஊரையே ஆடவைக்கும் வழக்கத்தைச் சிறுவயதிலேயே கண்டவர்.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டு முழுவதும் கூட்டம் ஒரே அளவில் ஆடவில்லை. பாடகர் ஒதுங்கி, மற்றக் கருவிகள் ஓய்ந்து, முரசு மட்டும் முழங்கும் சில விநாடிகள் வருமே, அப்போதுதான் கூட்டம் கொந்தளித்தது. அதற்கு 'பிரேக்' என்று பெயர். சில விநாடியில் முடிந்துவிடும் அந்த முழக்கத்தை நீட்டுவது எப்படி? ஒரே தட்டின் இரு படிகளை வாங்கினார். இரு சுழல்மேடைகளில் வைத்தார். ஒன்றில் முழக்கம் முடியும் தருவாயில் மற்றொன்றில் அதையே தொடங்கினார். முடிவதற்குள் முதல் தட்டின் ஊசியைத் தூக்கி மீண்டும் முன்னே வைத்தார். சில விநாடி, பல நிமிடமாயிற்று!

ஆனால் ஹெர்க் ஊசியைக் கண்ணளவால் வைத்தார். தாளம் ஒன்றோடொன்று மோதியது. அந்தக் குறையைக் களைந்தவர்தான் ஃப்ளாஷ். தொழிற்கல்வி தரும் உயர்நிலைப் பள்ளியில் மின்னியல் பயின்ற மாணவர் அவர். குப்பையில் கிடந்த கருவிகளைப் பிரித்தார், பொருத்தினார். கூட்டம் ஒரு தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தாம் மட்டும் அடுத்த தட்டை ஹெட்போனில் கேட்டறிய விசையொன்று அமைத்தார். முழக்கம் தொடங்கும் இடத்தை வண்ண மெழுகுக்கோலால் தட்டின்மீதே குறித்தார். மேடை சுழன்றாலும் தட்டு மட்டும் கைக்கு அடங்கி வழுக்கவேண்டுமே! ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சியிட்டு விறைப்பாக்கி, இரண்டுக்கும் இடையே விரித்தார். பிறகு — இங்கேதான் பலரும் பதறினர் — சுழலும் தட்டின்மீதே விரல்களை அழுத்தி, பிடித்து, பின்னோக்கி இழுத்தார். கெட்டுவிடும் என்றனர், கெடுத்துவிட்டான் என்றனர், இது இசையே அல்ல என்றனர். 1975-ஐ ஒட்டி, தியோடர் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒலியைக் குறைக்கச் சொல்லி அன்னை அறைக்குள் வந்தபோது தட்டைக் கையால் நிறுத்திப் பிடித்தவன், கை அசைய எழுந்த 'கிரீச்' ஒலியைக் கேட்டு வியந்து, அதையே பயின்று ஒரு கலையாக்கினான். 1981-இல் ஃப்ளாஷ் மூன்று சுழல்மேடைகளை மட்டும் கொண்டு உருவாக்கிய தட்டு வெளிவந்தபோது, கேட்கும் கருவி வாசிக்கும் கருவியாகிவிட்டதை மறுக்க எவராலும் முடியவில்லை.

ஆக, இன்று மரபு என்று போற்றப்படுவது, பிறந்த அன்று மரபு மீறல்!

கருவியின் கதையும் அப்படியே. ஜப்பானிய மட்சுஷிட்டா நிறுவனம் 1972-இல் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்ற சுழல்மேடையை வெளியிட்டது. அது நடனக் கூடத்துக்காகச் செய்யப்பட்டதன்று; வீட்டிலே அமைதியாக அமர்ந்து இசை கேட்கும் செல்வருக்காகச் செய்யப்பட்டது. மற்ற மேடைகள் பலவற்றை இரப்பர் பட்டை சுழற்றியது. கை பட்டால் பட்டை வழுக்கும், மீண்டும் வேகமெடுக்க நேரமாகும். இதிலோ மோட்டாரே நேராக மேடையைச் சுழற்றியதால், விட்டதும் வேகம் திரும்பியது. இளைஞர் கைப்பற்றினர், நிறுவனம் கற்றுக்கொண்டது, 1979-இல் வேகத்தை எட்டு விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் உதவும் நகர்விசையோடு புதிய வடிவம் வந்தது. முப்பது இலட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் கருவி 2010-இல் நிறுத்தப்பட்டது.

ஏன் நிறுத்தப்பட்டது? சோனியும் பிலிப்ஸும் 1982-இல் கொணர்ந்த குறுந்தட்டு வினைலை வீடுகளிலிருந்து விரட்டியது. பயனியர் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட சி.டி.ஜே.1000 கருவியில், குறுந்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுப்பதுபோல் இசைக்க ஒரு வட்டம் இருந்தது. அதே காலத்தில் ஆலந்து நாட்டார் உருவாக்கிய 'ஃபைனல் ஸ்கிராட்ச்', பிறகு 2004-இல் நியூசிலாந்து நாட்டின் 'செராட்டோ' ஆகியவை இன்னும் வியப்பான வழியைக் கண்டன. சுழல்மேடையில் வினைல் தட்டே சுழலும். ஆனால் அதில் பாட்டு இராது! ஊசி எந்த இடத்தில், எந்த வேகத்தில், எந்தத் திசையில் செல்கிறது என்பதைக் கணினிக்கு உணர்த்தும் குறியொலி மட்டுமே அதன் வரிகளில் இருக்கும். பாட்டு கணினியில், பிடி விரலில். நம் மாணவனின் கேள்விக்கு விடை இதுவே: அவர் தடவுவது தட்டை அன்று, காலத்தை. பாட்டின் எந்தக் கணம் ஒலிக்கவேண்டும் என்பதை அந்த வட்டத்தின் வழியே ஆள்கிறார்.

இனி, வினைல் பக்கத்தாரின் வாதங்களுக்கு வருவோம்.

தட்டின் ஒலியே தூய ஒலி, இயற்கையான ஒலி என்கிறார்கள். தூய்மை என்ற சொல்லைக் கேட்டதும் அளவுகோலைக் கையில் எடுப்பது நம் வழக்கம். தாழ்ந்த ஒலியை உள்ளபடியே வெட்டினால் வரி அகன்றுவிடும், ஊசி துள்ளும். ஆகவே தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டுவர். இசைக்கும்போது கருவி அதைத் திருப்பிச் சரிசெய்யும். அமெரிக்கத் தொழிலோர் 1954-இல் இதற்குப் பொது அளவே வகுத்தனர். மேலும், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பெரிய தட்டின் விளிம்பில் ஊசி விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வரியைக் கடக்கிறது. நடுப்பகுதியை நெருங்கும்போது 21 சென்டிமீட்டரே கடக்கிறது. எனவே கடைசிப் பாட்டு முதற் பாட்டின் தெளிவோடு ஒலிப்பதில்லை. குறுந்தட்டின் அளவிலான டிஜிட்டல் பதிவோ விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. தொடக்கமும் முடிவும் அதற்கு ஒன்றே. தட்டின் ஒலி இனிக்கிறது என்று ஒருவர் கூறினால் நமக்கு மறுப்பில்லை; இனிமை அவரவர் செவி. தூய்மை என்றால்தான் மறுக்கிறோம். மாதிரிக் கடைகளில் கிடைத்த மட்டமான எம்.பி.3 கோப்பைப் பெருங்கூடத்தில் ஒலிக்கவிட்டு, டிஜிட்டலே வென்றது என்று முழங்குவோரையும் நாம் ஏற்பதற்கில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

2022-இல் நடந்ததைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளை, டிஜிட்டல் கலவாத மூலநாடாவிலிருந்து வெட்டியவை என்று நம்பி, மிகுந்த விலை கொடுத்து வாங்கிவந்தனர் சுவைஞர் பலர். இடையிலே டிஜிட்டல் படி ஒன்று பல ஆண்டுகளாகவே இருந்துவருவது அவ்வாண்டு வெளிப்பட்டது. வழக்கும் தொடுக்கப்பட்டது. வாங்கியோரின் சினம் நியாயமே. மறைத்து விற்றால் சினம் வராதா? ஆனால் அத்தனை ஆண்டுகளும் செவியால் மட்டுமே அதைப் பிரித்தறிந்து உரைத்தவர் எவர்?

திறமை அழிந்துவிடும் என்பது மற்றொரு வாதம். இதில் உண்மை கொஞ்சம் உண்டு. இரு பாட்டின் தாளத்தையும் ஒரு பொத்தானால் கணினியே இணைத்துவிடும் ஏற்பாடு இன்று பரவலாக உள்ளது. செவியால் இணைக்கப் பயில்வதற்கு மாதங்கள் வேண்டும், பொத்தானை அழுத்த நொடி போதும். பயிலாமலே மேடையேறுவோர் உண்டு, நாமும் கண்டிருக்கிறோம், காது வலித்தது! எனினும், கணினித் திரையிலே பாட்டின் முக்கிய இடங்களை வண்ணப் புள்ளிகளாகக் குறிக்கிறார்களே, அது யாது? ஃப்ளாஷ் தட்டின்மீது கிழித்த வண்ணக்கோடு! மேலும் ஹெர்க்கின் முறைக்கு ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வாங்கவேண்டும். கோப்புக்கோ ஒன்றே போதும். நூறு தட்டு கொண்ட பெட்டி இருபது கிலோவுக்குக் குறையாது; அதைச் சுமக்க வண்டியும் ஆளும் தேவை. ஏழை இளைஞனுக்கு எது வாயில் திறக்கிறது?

மறைபொருளாக்கும் வழக்கமும் ஒன்று இருந்தது. கிங்ஸ்டனில் போட்டியாளர் அறியாதிருக்கத் தட்டின் பெயர்ச்சீட்டைச் சுரண்டிவிடுவர். ஹெர்க்கும் சீட்டை நீரில் ஊறவைத்துக் கழற்றினார். பிழைப்புக்காகச் செய்ததுதான், குறை கூறோம். ஆனால் 2002-இல் பிரிட்டனில் தொடங்கிய ஷசாம், ஒலிக்கும் பாட்டைத் தொலைபேசி வழியே கேட்டுப் பெயரைக் கூறிவிட்டது. ஊறவைத்துக் கழற்றிய பெயரெல்லாம் ஊரறிந்த பெயராயிற்று.

வினைல் பக்கத்தாரின் ஒரு வாதத்துக்கு மட்டும் நம்மிடம் மறுமொழி இல்லை. வாங்கிய தட்டு வாங்கியவனுக்குச் சொந்தம். சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு அப்படியன்று. பணம் நின்றால் பாட்டு நிற்கும். உரிமையாளரும் நிறுவனமும் உடன்பாட்டை முறித்துக்கொண்டால், நேற்று இருந்த பாட்டு இன்று இராது. தட்டு கடவுச்சொல் கேட்பதில்லை.

ஆனால் அந்தத் தட்டின் இன்றைய நிலை என்ன? அமெரிக்காவில் 2022-இல் 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்றன. குறுந்தட்டுகள் 3 கோடியே 30 இலட்சம். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அப்போதுதான். டெக்னிக்ஸ் சுழல்மேடையும் 2016-இல் திரும்பி வந்தது, ஏறத்தாழ 4000 டாலர் விலையோடு! 25 சென்ட் கொடுத்து உள்ளே வந்தோரின் கருவி, மீண்டும் செல்வர் வீட்டு அலமாரிக்கே சென்றது. அதற்கும் முன்பே, ஹெர்க் தட்டு சுழற்றிய செட்ஜ்விக் கட்டடத்தின் உரிமையாளர், வாடகைக்கு வரம்பு விதிக்கும் அரசுத் திட்டத்திலிருந்து அதை விடுவிக்க 2007-இல் முனைந்தார். நூறு வீடுகளுக்கு மேல் கொண்ட கட்டடம் அது. வாடகை உயர்ந்தால் குடியிருப்போர் வெளியேறவேண்டியதுதான். அவர்கள் ஒன்று கூடினர். எங்கள் கூடத்திலேதான் அந்த இசை பிறந்தது என்ற வரலாற்றையே வாதமாக வைத்தனர். கூல் ஹெர்க் வந்து அவர்களோடு நின்றார். அவ்வாண்டே நியூயார்க் மாநில அரசின் வரலாற்றுச் சின்னத் துறை, அந்தக் கட்டடம் பதிவேட்டில் இடம்பெறத் தகுதியுடையது என்று ஏற்றது. விற்பனை பற்றிய வழக்காடல் அதன் பிறகும் ஆண்டுகள் சில நீண்டது.