தேவாரத்தில் ஆரம் இல்லை

கொத்தமங்கலத்தில் ஒரு மணிவிழா. பேசவந்தவர், “தேவனுக்குச் சூட்டிய ஆரம், அதனால் தேவாரம்” என்றார். சபை கை தட்டியது. அழைப்பிதழின் முகப்பிலும் அதையே அச்சடித்திருந்தார்கள். பாதரக்குடி, துலாவூர் மடங்களில் உபதேசம் கேட்டு, மூவர் பாட்டை வீட்டில் ஓதிவரும் நகரத்தார் ஊரில் இந்தப் பொருள் கேள்வியில்லாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆரக் கட்சியார் சொல்லக்கூடியது இரண்டு. சம்பந்தர் தம் பதிகங்களைப் பாமாலை, தமிழ்மாலை என்று கடைக்காப்பில் குறிக்கிறார். நன்னூலும் ஏகாரத்தின் முன் யகரம், வகரம் இரண்டையும் உடம்படுமெய்யாக அனுமதிக்கிறது. எனவே தே + ஆரம் ‘தேவாரம்’ ஆகலாம். ஆகலாம் என்பதால் ஆயிற்று என்றாகிவிடாது. மாலை என்று சொன்னவர் பாட்டை ஆரம் என்று சொன்ன இடம் எது? அதைக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள். ராஜராஜன் கல்வெட்டு, 48 பிடாரர்களும் உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவருமாக 50 பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் வைக்கிறது. அவர்கள் செய்வது ‘திருப்பதியம் விண்ணப்பம்’. தேவாரம் என்ற பேச்சே அங்கில்லை. அதே கோயிலில், ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த திருமேனிகளின் பட்டியல் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. நம்பி ஆரூரராகிய சுந்தரரும் பரவையாரும் அதில் இருக்கிறார்கள். நாவுக்கரசரும் சம்பந்தரும் இருக்கிறார்கள். பெரிய பெருமாளும் உலோகமாதேவியும் இருக்கிறார்கள். இவர்களோடு ஒரு சந்திரசேகரர். அவருக்குக் கொடுத்த அடைமொழிதான் ‘தேவார தேவர்’: பெரிய பெருமாளாகிய அரசரின் சொந்தப் பூசைக்குரிய தேவர். பாடிய மூவரும் பக்கத்திலேயே நிற்க, தேவாரம் என்ற சொல் பாட்டில் ஒட்டாமல் பூசையில் ஒட்டியிருக்கிறது. ஆரம் என்று பொருள் வைத்து இதைப் படித்துப் பாருங்கள்!

வாரம் என்பது சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் இசைநடை. முதல்நடை, வாரம், கூடை, திரள் என்ற நான்கில் ஒன்று. எனவே தேவாரம் தெய்வ இசை என்பார் இன்னொரு சாரார். ‘இசைத் தேவர்’ என்று அரசர் ஒருவரை வைத்துப் பூசித்தாரா? ‘தேவாகாரம்’ என்ற வடசொல் குறுகி வந்தது என்பாரும் உண்டு. அது வீடு, தேவாரமோ ஒருவர் செய்வது. இரட்டைப் புலவர் ஏகாம்பரநாதர் உலாவில் தேவாரத்தை மூவர் செய்த செயலாகவும், திருப்பாட்டை அதில் பிறந்த பொருளாகவும் வைத்தது இதனால்தான். சேக்கிழார் வாயில் வருவதும் பதிகமே.

பதிகத்தையும் விட்டுவைக்கவில்லை. பத்துப் பாட்டு இருப்பதால் பதிகம் என்கிறார்கள். சம்பந்தர் பதிகங்களில் பதினொன்றே மிகுதி. சிலப்பதிகாரத்தின் முகப்பில் நிற்கும் பதிகத்தில் எந்தப் பத்தை எண்ணுவது?

என் முடிவு தே + வாரம். இங்கே வாரம் அன்பு. சுந்தரர் ஓணகாந்தன்தளிப் பதிகத்தில், அன்பால் அடிப்பணி செய்யும் தொண்டரைச் சொல்ல வந்தபோது ‘வாரம்’ என்ற சொல்லையே எடுத்தார். அன்பு கண்ணை மறைத்தால் தீயதும் நல்லதாகத் தோன்றும் என்று சொல்லத் திருத்தக்கதேவருக்கும் சிந்தாமணியில் இச்சொல்லே வந்தது. மேல்வாரம், குடிவாரம் என்ற பங்கு வேறு, இந்த அன்பு வேறு என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் சார்வதே அன்பு. ‘பட்சம்’ என்ற சொல்லும் அப்படித்தான். பக்கமும் அதுவே, பிரியமும் அதுவே. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வாணிகம் செய்யப் போனவர்கள் ‘பட்சமுள்ள’ என்று தொடங்கி எழுதிய பழைய கடிதங்கள் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இன்னும் கிடக்கும். எடுத்துப் படித்தால் விளங்கும்.

அடங்கன்முறை ஏழில் நாவுக்கரசர் பாட்டுக்கு மட்டும் தேவாரம் என்றும், சம்பந்தருடையது திருக்கடைக்காப்பு, சுந்தரருடையது திருப்பாட்டு என்றும் பிரித்துச் சொல்லும் மரபு உண்டு. உழவாரப் படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவருக்கு வழிபாட்டின் பேர் நின்றது பொருத்தம். உழவாரத்தின் வாரத்தையும் நான் ஆரம் என்று ஒப்பமாட்டேன். புல்லை வாருவது அது. ஆனால் அது வேறு வேர்.

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943இல் நிறுவிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நடத்தியது. ஒவ்வொரு பண்ணுக்கும் எந்த ராகம் என்று ஓதுவார்களை உட்காரவைத்துக் கேட்டார்கள். சொல்லுக்கும் அந்தக் கவனம் வேண்டும். தெய்வத்தின்மேல் வைத்த வாரம் தேவாரம். அது பூசைக்குப் பேராகி, பூசையில் ஓதிய பாட்டுக்கு ஆகுபெயராயிற்று. ஆரம் பின்னால் வந்தவர்கள் கட்டியது.