கல்நார் நோயாளியின் தன்பராமரிப்பு: வேலை வரலாற்றிலிருந்து தொடங்குதல்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924 மார்ச்சில் இறந்தபோது வயது 33. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1922இல், உள்ளூர் மருத்துவர் அவருடைய மருத்துவச் சான்றிதழில் ‘கல்நார் நஞ்சு’ என்று எழுதியிருந்தார். அந்த எழுத்தே அவருக்கு வினையானது. வேலையால் வந்த நோய்க்கு ஆலைதான் பொறுப்பு என்று நோய்க்கால உதவித்தொகை தரும் சங்கம் கைவிரித்தது. அப்படி ஒரு நோய் சட்டப் பட்டியலிலேயே இல்லை என்று ஆலை மறுத்தது. அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் 1927இல் எழுதிய கட்டுரையின் வழியாகத்தான் ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது.

நூறு ஆண்டுகள் கழிந்தபின் அந்த நோயாளிகளுக்கு நாம் தரும் தன்பராமரிப்பு அறிவுரைகளைப் படிக்கும்போது கெர்ஷாவின் நினைவு வருகிறது. பீடியை விடுங்கள், நடங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள், மனதைத் தளரவிடாதீர்கள். எதுவும் தவறில்லை. ஆனால் நோய் உடம்பில் தானாக முளைத்தது போலவும், அதைத் தாங்கிக்கொள்வது நோயாளியின் ஒழுக்கம் போலவும் அவை பேசுகின்றன. கல்நார் நோயில் தன்பராமரிப்பு நோயாளி தன் வேலை வரலாற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு.

கல்நார் இழை நுரையீரலுக்குள் போவதற்கும் இளைப்பு வெளியே தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் 10 முதல் 40 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் ஆலை மூடியிருக்கும், மேஸ்திரி செத்துப்போயிருப்பார், தொழிலாளி ஊர் திரும்பி வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டால் “வாட்ச்மேன்” என்பார். அது உண்மையான பதில்தான், ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உதவாத பதில். 25 வயதில் சிமெண்ட் ஷீட் ஆலையில் மூட்டை பிரித்தது, அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்கு லேக்கிங் சுற்றியது, பாய்லர் கதவுக்குக் கல்நார்க் கயிறு திணித்தது, ஒர்க்‌ஷாப்பில் பிரேக் லைனிங் தேய்த்தது, இவற்றில் எதுவும் அந்தப் பதிலில் இல்லை. அது தெரியாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதியில் தெரியும் தழும்பைக் காரணம் தெரியாத தழும்பென்று எழுதிவிடலாம். காசநோய் மாத்திரையில் மாதங்கள் வீணாகவும் கூடும். நோயறிதலின் பாதி ஸ்கேன் படத்தில் இருக்கிறது, மறுபாதி நோயாளியின் ஞாபகத்தில்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த ஊர், எந்த செக்‌ஷன், தூசி எப்படிப் பறந்தது, முகத்தில் துண்டு கட்டினாரா, பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் யார் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதலாம். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். தாள், கேட் பாஸ் என்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடப்பதையெல்லாம் அதனோடு சேர்த்துவைப்பதும் சிகிச்சையின் பகுதியே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பதிவேடு வைப்பது முதலாளியின் கடமையல்லவா? ஆம். 1995 ஜனவரியில் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடர்ந்த வழக்கில், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை நின்றபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளியின் உடல்நலத்தை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்த தீர்ப்பு அது. ஆனால் கான்ட்ராக்டரிடம் நாள்கூலிக்குப் போனவரின் பெயர் எந்த மஸ்டர் ரோலில் இருக்கும்? அந்த இடைவெளியில்தான் நோட்டு தேவைப்படுகிறது. அது முதலாளியின் கடமையை நோயாளியின் தலையில் ஏற்றுவதாகாது, அந்தக் கடமையைக் கேட்டு வாங்குவதற்கான கருவி.

உடலுக்குச் செய்ய வேண்டியவற்றில் பீடியை விடுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. வட அமெரிக்காவின் வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் ஹேமண்ட், செலிகாஃப், சீட்மன் ஆகியோர் வெளியிட்ட கணக்கு இது: புகையும் கல்நாரும் தொடாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு கல்நார் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. உள்ளே போன இழையை எடுக்க வழியில்லை; பீடியை விட முடியும். “இனிமே விட்டு என்ன ஆகப்போகுது” என்று நோயாளிகள் சொல்வதுண்டு. நிறையவே ஆகிறது. பிற்காலத்தில் இதே தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, புகையை விட்ட பத்தாண்டுகளுக்குள் புற்றுநோய் மரண விகிதம் பாதியாகக் குறைந்திருந்தது.

சத்து மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் புகைப்பவர்களும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேருக்கு நடந்த ‘கேரட்’ ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. மாறாக, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியது. 1996 ஜனவரியில் மாத்திரையை நிறுத்தினார்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தாராளமாகச் சாப்பிடலாம். கடையில் விற்கும் டப்பாவை மருத்துவரிடம் காட்டாமல் திறக்கக் கூடாது. தன்பராமரிப்பு என்ற பெயரில் எதையாவது செய்துகொண்டிருப்பதே நல்லது என்ற எண்ணத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பை நான் அறியேன்.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, தினசரி நடை ஆகியவற்றை விரிக்க வேண்டியதில்லை. குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் முற்றியவருக்கு நாளின் மிகக் கடினமான வேலை அதுதான். குனிந்து வாளியிலிருந்து மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றும்போது மூச்சு முட்டுகிறது. தலை துவட்டுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. உட்கார ஒரு ஸ்டூல், வாளியை வைக்க இன்னொரு ஸ்டூல், கனமில்லாத சின்னக் குவளை, துவட்டுவதற்குப் பதில் மேலே போர்த்திக்கொள்ளப் பெரிய துண்டு, நீராவி வெளியேறக் கதவைக் கொஞ்சம் திறந்துவைப்பது. செலவு சொற்பம். தாழ்ப்பாள் போடாத குளியலறைக்கு மனம் இசைவதுதான் பலருக்கும் பெரிய தடை.

பலர் படுத்துக்கொண்டு மூச்சு வாங்குவதும் கல்நார் ஷீட் கூரையின் கீழேதான். முழு ஷீட் இருந்த இடத்தில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. துளை போடுவது, அறுப்பது, காய்ந்த பாசியைச் சுரண்டுவது, உடைந்த துண்டைக் கொல்லையில் நொறுக்குவது ஆகியவையே இழையைப் பறக்கவிடுகின்றன. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். அந்த நேரம் நோயாளியும் குழந்தைகளும் வீட்டில் இருக்கக் கூடாது.

லண்டனில் மீசோதெலியோமா என்னும், கல்நாரால் வரும் உள்ளுறைப் புற்றுநோய் கண்டவர்களை ஆராய்ந்து நியூஹவுஸும் தாம்சனும் 1965இல் எழுதிய கட்டுரையில், ஆலைக்குள் வேலையே செய்யாத சிலரும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் கல்நார் வேலைக்குப் போய்வந்தவர். தூசி படிந்த காக்கிச் சட்டையை உதறி, துவைகல்லில் அடித்துத் துவைத்த மனைவிக்கு மஸ்டர் ரோலும் இல்லை, கேட் பாஸும் இல்லை. நாளை அவருக்கு இருமல் வந்து மருத்துவர் என்ன வேலை என்று கேட்டால், “வீட்டு வேலைதான்” என்பார். கணவரின் நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை ஆண்டுகள் அந்தச் சட்டைகளைத் துவைத்தார் என்பதை இப்போதே எழுதிவைக்க வேண்டும்.