மஞ்சக்குப்பம் வரை போன புத்தகம்

1867ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. முகப்பில் இருந்த பெயர் திருவருட்பா. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் பாடியவற்றுள் முதல் நான்கு திருமுறைகள் அதில் இருந்தன. அந்த ஒரு தலைப்பை வைத்து அடுத்த நாற்பது ஆண்டுகள் தமிழ்ப் புலவர்கள் இரண்டு அணியாய் நின்று மோதினார்கள். சிதம்பரம் கோயிலில் தொடங்கிய வசவு கடலூர் நீதிமன்றப் படியேறியது. கண்டனமும் கண்டனத்துக்குக் கண்டனமுமாகப் பிரசுரங்கள் குவிந்தன. ஒரு வாதம் தன் கேள்வியை எங்கே, எப்படித் தொலைக்கிறது என்பதை இந்தப் புத்தகம் போன வழியே காட்டிவிடுகிறது.

புத்தகம் பிறந்ததே ஒரு வற்புறுத்தலால்தான். அடிகள் அப்போது கருங்குழியில் தங்கியிருந்தார். பாடல்களை அச்சுக்குத் தர அவருக்கு மனமில்லை. இசைவு கிடைக்கும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் உறுதி எடுத்துக்கொண்டார். அடிகள் இரங்கினார். ஆனால் தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று குறிப்பது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படிப் போடவேண்டாம் என்று கடிதம் எழுதினார். திருமுறை வகுத்து, நூலுக்குப் பெயர் சூட்டிப் பதிப்பித்தவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். பாடல்கள் வந்த வரலாற்றையும் ஆசிரியரின் பெருமையையும் அவரே செய்யுளாக எழுதி நூலில் சேர்த்தார். எனவே புத்தகம் வாசகர் கைக்குப் போகும்போது, பாட்டோடு கூடவே பாடியவர் யார் என்ற உரிமை கோரலும் போனது. சண்டைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அதை எதிர்த்தவர் சாதாரண ஆள் அல்லர். யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் ஏடுகளைப் பிழையறப் பதிப்பித்துச் சைவத்தை அச்சு யுகத்துக்குக் கொண்டுவந்தவர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். தேவாரமும் திருவாசகமும் ஒலிக்கவேண்டிய இடத்தில் நேற்று வந்த பாட்டு ஒலிப்பதா என்ற அவருடைய கவலை உண்மையானது. ‘போலியருட்பா மறுப்பு’ என்ற பிரசுரம் அந்தக் கவலையிலிருந்து வந்தது.

அதன் மைய வாதத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அருட்பா என்பது இறைவன் அருள் பெற்றவர்கள் பாடியது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவையே அத்தகையவை. ஆகவே இது அருட்பா அன்று. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பின்னாளில் ஒருவருக்கு அந்த அருள் கிடைக்கக் கூடுமா என்பதுதான் வழக்கே. எதிராளி மறுக்கும் ஒன்றையே காரணமாக வைத்து முடிவு சொல்லப்பட்டிருக்கிறது. இந்தப் பிழையைத் தமிழ் ஏற்கெனவே அறியும். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழையான வாதங்களை வகைப்படுத்துகிறது. ஏதுப்போலியில் ஒன்று அன்னியதராசித்தம்: ஒரு தரப்பு மட்டும் ஒப்புக்கொண்ட காரணம். ஒலி செய்யப்படுவது, ஆகவே அது நிலையாதது என்று சாங்கியனிடம் சொன்னால் செல்லாது. ஒலி செய்யப்படுவதில்லை, வெளிப்படுகிறது என்பது அவன் கொள்கை. முதலில் அந்தக் காரணத்தை அவனிடம் நாட்டவேண்டும்.

நாவலர் தரப்பு எழுப்பிய மற்றொரு கேள்விக்கு வலு உண்டு. அடிகள் அற்புதங்கள் செய்தார் என்கிறவர்கள்தான் அவற்றை மெய்ப்பிக்கவேண்டும் என்றார்கள். மெய்ப்பிக்கும் பொறுப்பு சொல்பவர் தலையில்தான். அருட்பா அணி இதற்கு நேராக விடை சொல்வதை விட்டு, கேட்டவரின் குணத்தை ஆராயத் தொடங்கியது. அந்த அணியின் மறுமொழி ஒன்றுக்கு வைத்த பெயர் ‘குதர்க்காரணிய நாச மகாபரசு’, அதாவது குதர்க்கக் காட்டை அழிக்கும் பெருங்கோடரி. குதர்க்கத்தை வெட்டக் கிளம்பியவர்களும் ஆளைத்தான் வெட்டினார்கள். எதிரணியும் குறைவைக்கவில்லை. பாட்டு நல்லதா என்ற பேச்சு போய், பாடியவர் ஒழுக்கமும் மறுத்தவர் ஒழுக்கமும் சந்திக்கு வந்தன.

1869இல் சிதம்பரம் கோயில் பேரம்பலத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஆகமம், தீட்சை பற்றிய பூசலால் நாவலருக்கும் கோயில் தீட்சிதர்களுக்கும் முன்பே ஆகாது. எதிரிக்கு எதிரி என்ற கணக்கில் தீட்சிதர்களும் அடிகளும் ஒரே மேடைக்கு வந்தார்கள். தம்மை அங்கே இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது, அடிகள் விடுவிக்கப்பட்டார்.

இங்கேதான் புத்தகத்தின் பயணம் கதையாகத் திரிகிறது. அடிகள் மன்றத்துக்குள் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார், அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினார் என்று பக்தர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அருட்பா வென்றது என்பதற்கு இதையே சான்றாகச் சொல்வார்கள். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி யார் யாரை வைதார் என்பதுதான். பாட்டு அருட்பாவா என்று எவரும் அங்கே தீர்ப்புக் கேட்கவில்லை. நாவலர் எழுந்து நின்றது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், அது அடிகளின் சால்புக்குச் சான்றாகுமே தவிர நூலின் தலைப்புக்கு ஆகாது. வசவு வழக்கின் முடிவைப் பாட்டின் மேல் ஏற்றிச் சொல்வது, கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டாடுவதுதான்.

அடிகள் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் புகுந்து மறைந்தார். நாவலர் 1879இல் காலமானார். சண்டை ஓயவில்லை, வாரிசுகள் எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை இது அருட்பா அன்று, மருட்பா என்று எழுத, மறைமலையடிகளும் இசுலாமியப் புலவரான செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பா பக்கம் நின்றார்கள். 1904இல் சென்னையில் மீண்டும் ஒரு வழக்கு. ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் திரு.வி.க. அவ்வாண்டுப் பள்ளித் தேர்வை இழந்தார். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. ஒரு தலைமுறைக்கு முன் அச்சான ஒரு தலைப்புக்கு ஓர் இளைஞர் கொடுத்த விலை அது.

புத்தகம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 1880இல் ஐந்தாம் திருமுறையும் 1885இல் ஆறாம் திருமுறையும் அச்சேறின. ஆ. பாலகிருஷ்ண பிள்ளையும் ஊரன் அடிகளும் பதிப்பித்தார்கள். ஔவை துரைசாமிப்பிள்ளையின் உரையோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வைத இடமான சிதம்பரத்திலிருந்தே உரையும் வந்தது. ப. சரவணன் இரு தரப்புப் பிரசுரங்களையும் திரட்டி 2010இல் ‘அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு’ என்று கொடுத்தார். இன்று இலட்சக்கணக்கானோர் அருட்பாவைப் பாடுகிறார்கள். பலர் பாடுவதும் தருக்கப்படி நிரூபணம் ஆகாது. நாவலர் இருந்திருந்தால் அதையும் சரியாகவே மறுத்திருப்பார். பாடுகிறவர்களுக்கு அந்த நிரூபணம் தேவைப்படவில்லை என்பது வேறு செய்தி.

இரு அணியும் போற்றிய சிவஞான சித்தியாரில் கேள்வியைத் தொலைக்கும் இந்த நோய்க்கு மருந்து இருந்தது. அதை எழுதிய அருணந்தி சிவாசாரியார் இதே கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூர்க்காரர். அந்த நூலின் ஒரு பகுதி பரபக்கம். மறுக்கப்போகும் மதத்தின் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அதில் அவர் மறுப்பைத் தொடங்குகிறார். டீக்கடையானாலும் தொலைக்காட்சி விவாதமானாலும் வீட்டுக் கூடத்துச் சண்டையானாலும் அந்த ஒழுங்கு செல்லும். எதிராளியின் கட்சியை அவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லவேண்டும். அதைச் சொல்ல முடியாதவருக்கு மறுக்கும் தகுதி இன்னும் வரவில்லை.