கேட்க ஆளில்லாத பாட்டு

மேற்கத்தியச் செவ்வியல் முறையில் குரல் பழகிய ஒருவர் அமெரிக்கத் தென் மாநிலங்களின் 'சேக்ரட் ஹார்ப்' பாட்டுக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், முதலில் திணறப்போவது கண்தான் என்று தோன்றும். புத்தகத்தில் சுரக்குறிகளின் தலை எல்லாமே உருண்டையாக இருக்காது. ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மீ சாய்சதுரம். 1801-இல் பிலடெல்பியாவில் வெளிவந்த 'ஈஸி இன்ஸ்ட்ரக்டர்' என்ற பாடநூல் பரப்பிய முறை இது. ஏழு சுரத்துக்கு நான்கே பெயர். மீ தவிர மற்ற மூன்றும் இரண்டு முறை வரும். ஆனால் குறிகள் நிற்பது வழக்கமான ஐந்து கோட்டில்தான் என்பதால், நோட்டேஷன் தெரிந்தவர் வடிவத்தைப் பார்க்காமலேயே பாடிவிடலாம். சொற்களுக்கு முன் பாட்டைச் சுரப்பெயராலேயே ஒருமுறை பாடுவார்கள், நம்மூரில் கீதத்துக்குச் சுரம் பாடுவதுபோல. அங்கே நாக்குப் புரளும், பழகினால் சரியாகிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

படித்த குரல் படிக்காத குரலாக மாற வேண்டியிருப்பதுதான் சிக்கல் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் இதுவும் படித்த குரல்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்ச் சில வாரம் பாட்டுப்பள்ளி நடத்திய வாத்தியார்களின் வழி இது. அவர்களில் பெயர் பெற்ற வில்லியம் பில்லிங்ஸ் தொழிலால் தோல் பதனிடுபவர். அந்தப் பாணியைக் கரடுமுரடு என்று ஒதுக்கி, ஐரோப்பிய இலக்கணத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் லோவல் மேசன். அவர் முயற்சியால் 1838-இல் பாஸ்டன் பள்ளிகளில் இசை பாடமானது. வடிவச் சுரமோ தெற்கே நிலைகொண்டது. பி. எஃப். வைட்டும் ஈ. ஜே. கிங்கும் ஜார்ஜியாவில் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' 1844-இல் வந்தது. ஆக, இன்று இசைக்கல்லூரியிலிருந்து வந்து அமர்பவர், இந்தப் பாட்டை நகரத்தைவிட்டு ஓட்டிய பள்ளியின் வாரிசு. இரண்டு கல்விகள் எதிரெதிரே உட்கார்கின்றன.

உட்காரும் விதத்திலேயே வேறுபாடு தெரியும். டெனர், ட்ரெபிள், ஆல்டோ, பேஸ் என்று நான்கு பிரிவும் நாற்புறமும் உள்நோக்கி அமர, நடுவில் ஒருவர் நின்று கையசைத்து நடத்துவார். பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும். மெட்டு மேல்குரலில் இல்லை, டெனரில். டெனரையும் ட்ரெபிளையும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடுகிறார்கள். ஒலி முழுதாகச் சேரும் இடம் அந்த நடு இடம்தான். கேட்பவருக்கென்று ஒரு திசையே கிடையாது. குரலை அடக்கி ஏற்றுவது, பக்கத்துக் குரலோடு இழைவது எல்லாம் தூரத்தில் அமர்ந்திருக்கும் ரசிகருக்காகக் கற்றவை. இங்கே அவற்றை யாரிடம் கொடுப்பது? குரலின் நடுக்கத்தை (விப்ராட்டோவை) நிறுத்திக்கொள்வது சுலபம். ரசிகரை மனத்திலிருந்து இறக்கிவைப்பதுதான் கடினம். காகிதத்தின் அதிகாரமும் இங்கே தளர்ந்துவிடும். சுருதியை, அச்சிட்டதைப் பாராமல், கூட்டத்துக்குத் தோதாக ஒருவர் வாயாலேயே எடுத்துக்கொடுப்பார். மைனர் பாட்டுகளில் ஆறாம் சுரத்தைப் பழைய பாடகர்கள் அரைச்சுரம் ஏற்றிப் பாடுவார்கள். புத்தகத்தில் அதற்குக் குறி இருக்காது. அச்சில் உள்ளபடி துல்லியமாகப் பாடியவர்தான் அந்த வரிசையில் தப்பாகப் பாடியவர்.

இந்தக் கூட்டங்களில்போல நாள் முழுக்க முழுக்குரலில் கத்தினால் தொண்டை என்னாகும் என்று குரல் ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கம்மிப்போகிறவர்கள் உண்டு. ஆனால் எண்பதைக் கடந்தும் பாடுகிறவர்களும் இதே வரிசைகளில்தான் இருக்கிறார்கள். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: கேட்பவருக்கு இடமில்லை என்றால் இசைத்தட்டுகள் எப்படி வந்தன? வெர்மான்ட்டின் 'வேர்ட் ஆஃப் மவுத்' குழு 1979-இல் வெளியிட்ட தட்டு அழகானது, பலரை இந்தப் பாட்டுக்கு இழுத்தும் வந்தது. ஆனால் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959-இல் அலபாமாவின் ஃபைஃப் ஊரில் பதிவுசெய்ததைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், முன்னதில் பாட்டு நம்மை நோக்கி வருகிறது. பின்னதில் நாம் ஒட்டுக்கேட்கிறோம். தட்டு சாட்சி சொல்வது என் பக்கம்தான்.

வெளியாள்கள் நுழைந்தால் மரபு கெடும் என்ற அச்சத்துக்கு மரபுக்காரர்களே வேறு விடை வைத்திருந்தார்கள். 1976-இல் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முதல் நியூ இங்கிலாந்து மாநாடு கூடியபோது, ஜார்ஜியாவிலிருந்து சேக்ரட் ஹார்ப் பாடகர் ஹியூ மெக்ரா வழிநடத்த வந்தார். இசை படித்தவர்கள் நான்கு பக்கமும் அமர்ந்து அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். பாட்டுப்பள்ளி புறப்பட்ட ஊர்ப்பக்கத்துக்கே, தெற்கத்தி வாத்தியாரோடு திரும்பியிருந்தது.