ஸ்ரீநகர் டூ கன்னியாகுமரி: குளிர்காலத்தில் காரில் வரலாமா? கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'காஷ்மீர்ல ஸ்னோ பார்த்துட்டு, அப்படியே கன்னியாகுமரி வரைக்கும் ஓட்டிட்டு வந்துடலாம்.' டிசம்பர் லீவு நெருங்கினால் பல நண்பர்கள் குழுவில் வரும் திட்டம் இது. சாலையும் ஒன்றே: ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல்.

வரலாம். ஆனால் இந்தப் பயணத்தில் பெரிய ஆபத்து பனிப்பொழிவு அல்ல. லீவு முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்ற அவசரம்தான்.

மலையில் என்ன சிக்கல்?

பழைய சாலையின் உயரமான பகுதிகளைத் தவிர்க்க இப்போது சுரங்கப்பாதைகள் உள்ளன. 9 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான செனானி - நாஷ்ரி சுரங்கம் 2017-லும், சுமார் 8.5 கிலோமீட்டர் நீளமான பனிஹால் - காசிகுண்ட் சுரங்கம் 2021-லும் திறக்கப்பட்டன.

இருந்தாலும் ராம்பன் - பனிஹால் இடையே மழை, பனிப்பொழிவின்போது மண்ணும் கல்லும் சரியும். சாலை திடீரென மூடப்படும். போக்குவரத்துப் போலீஸின் அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீங்க. அதிகாலையில் சாலையில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படிந்திருக்கும். அதில் சடன் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் பொதுவாக வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

மலை இறங்கிவிட்டால் நிம்மதியா?

இல்லை. தமிழில் எல்லாமே 'பனி'தான், ஆனால் சமவெளியில் இருப்பது மூடுபனி. டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப் முதல் ஆக்ரா, குவாலியர் வரை இதுதான் பிரச்சினை. ஈரமான காற்று, காற்றோட்டம் இல்லாத குளிர்ந்த இரவு இரண்டும் சேர்ந்தால் தரையை ஒட்டி மேகம் மாதிரி படியும்.

மிக அடர்ந்த மூடுபனியில் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 1 நொடியில் 22 மீட்டர் கடக்கும். முன்னால் லாரி நிற்பது தெரிந்ததும் உங்களுக்குக் கிடைப்பது 2 நொடிகளுக்குச் சற்று அதிகம். அதற்குள் கார் நிற்காது.

ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோபீம், ஃபாக் லேம்ப் போதும். சாலையோரம் நிறுத்தாமல், பெட்ரோல் பங்க் அல்லது தாபாவுக்குள் போய் நிறுத்துங்க. வெயில் வந்து பனி விலகிய பிறகு கிளம்புவதே நல்லது.

தெற்கே வந்த பிறகு?

நாக்பூருக்குப் பிறகு சாலை நன்றாக இருக்கும், தூக்கம்தான் எதிரி. டயரையும் கவனிக்கணும். 0 டிகிரியில் காற்று நிரப்பிய டயரில், 30 டிகிரி வெயிலில் சுமார் 5 பிஎஸ்ஐ கூடியிருக்கும். ஓட்டத் தொடங்கும் முன், டயர் சூடாகாத நேரத்தில் சரிபாருங்க.

தருமபுரி - சேலம் இடையே தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளுக்குப் பேர்போனது. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் லாரிகள் பின்னால் வரலாம். நியூட்ரலில் இறங்காதீங்க, குறைந்த கியரில் வாங்க.

பெங்களூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி, மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர் வழியாக வந்தால் தொப்பூரைத் தவிர்க்கலாம். ஆனால் இதுவும் மலைப்பாதை, யானைகள் நடமாடும் காடு. பகலில் மட்டும் வாங்க.

எத்தனை நாள் வேண்டும்?

ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் என்றால் 8 நாள். மலையில் சாலை மூடினால், சமவெளியில் மூடுபனி விலகாவிட்டால் காத்திருக்க இன்னும் 2 நாள். மொத்தம் 10 நாள் லீவு கிடைக்கவில்லையா? ஜம்முவில் இருந்தோ நாக்பூரில் இருந்தோ தொடங்குங்க. விடுபட்ட நாட்களை இரவில் ஓட்டி ஈடுகட்ட நினைக்காதீங்க.